கஷ்டம் இடம் மாறுகிறது: ரீமேக் கேம்களில் பாஸ் சண்டைகள்

1997இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேமில் ‘ஹெல் ஹவுஸ்’ என்றொரு எதிரி உண்டு. கை கால் முளைத்த ஒரு வீடு. சேரிப் பகுதியின் இடிபாடுகளில் நடக்கும்போது எப்போதாவது குறுக்கே வரும். சில சுற்று அடித்தால் விழுந்துவிடும். 2020 ஏப்ரலில் அந்தக் கதையின் முதற்பகுதி ரீமேக்காக வந்தபோது, அதே வீடு ஓர் அரங்கத்தின் நடுவே, கூட்டம் ஆர்ப்பரிக்க, முழு பாஸாக, அதாவது வீழ்த்தாமல் மேலே போக முடியாத பெரிய எதிரியாக, வந்து இறங்கியது. அதன் ஜன்னல்களின் நிறம் மாற மாற அதன் பலவீனமும் மாறியது. நெருப்பு, பனி, மின்னல், காற்று என்று எதைக் கையில் எடுத்தாலும், அது பலிக்கும் நேரம் பார்த்துத்தான் வீச வேண்டியிருந்தது. பழைய கேமைப் பலமுறை முடித்தவர்களும் அங்கே தடுமாறினார்கள்.

இது ஒரு கேமோடு நிற்கும் விஷயம் இல்லை. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ரீமேக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. வழிகாட்டும் குறிகள் கூடியிருக்கின்றன, தானாகவே சேவ் ஆகிறது, தோற்றால் அதே வாசலில் மறுபடி நிறுத்துகிறார்கள். மொத்தத்தில் கேம் இளகியிருக்கிறது. பாஸ் மட்டும் முறுக்கேறி நிற்கிறான். ஏன்?

பொதுவாக மூன்று பதில்கள் சொல்லப்படுகின்றன. ஆடுகிறவர்கள் வளர்ந்துவிட்டார்கள், அவர்களுக்குப் பழைய பாஸ் போதாது என்பது ஒன்று. அன்றைய இயந்திரத்தால் முடியாததை இன்றைய இயந்திரம் செய்கிறது என்பது இரண்டாவது. ஏற்கெனவே தெரிந்த கதையை மறுபடி விற்க வேண்டுமானால் எங்காவது புதுமை காட்ட வேண்டும் என்ற வணிகக் கணக்கு மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த ரீமேக்கில் பாஸ் கடுமையாகிறான், எதில் ஆகவில்லை என்பதை இவை விளக்குவதில்லை. அதற்கு வேறொரு கணக்குப் போட வேண்டும். கேமின் மொத்தக் கஷ்டம் பெரிதாகக் கூடவில்லை, அது இடம் மாறியிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முன்பு பாஸைச் சுற்றி இருந்த கஷ்டம் இப்போது பாஸுக்குள் குடியேறிவிட்டது. மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களிலும் ஈப்போவின் புறநகர்களிலும் கேம் ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. அவர்களுக்குச் சுற்றுப்புறக் கஷ்டம் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே இருந்தது.

அன்று கஷ்டம் எங்கே இருந்தது?

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கத்தி பட்டையில் ஓடும் நேரம் கொஞ்சம்தான். விடியுமுன் எழுந்து பெரட்டு என்ற பெயர்ப்பதிவுக்கு நிற்பது, மேட்டு நிரையில் ஏறுவது, அட்டைக்கும் கொசுவுக்கும் கால் கொடுப்பது, மழை வந்து மங்கில் பால் வீணாவது என்று பாடெல்லாம் அந்த ஒரு வெட்டைச் சுற்றித்தான் இருந்தது. எண்பதுகளின், தொண்ணூறுகளின் கேம்களும் அப்படிக் கட்டப்பட்டவையே. பாஸ் சண்டை இரண்டு நிமிடம். அவன் வாசலை அடைய இருபது நிமிடம். நடுவில் செத்தால் ஓர் உயிர் போகும், மூன்று உயிர் போனால் முதல் லெவலில் இருந்து ஆரம்பம்.

கேம் சென்டர் இயந்திரங்களில் இது இன்னும் வெளிப்படை. அங்கே கஷ்டத்தின் அளவு டோக்கன். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 1991இல் வந்தபோது கடைசி எதிரியான எம்.பைசனைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முன்னால் பத்துப் பேரைத் தாண்ட வேண்டும். தோற்றால் மறுபடி டோக்கன். அந்த இயந்திரங்களின் உள்ளே இருந்த சிறு சுவிட்சுகளைத் தட்டிக் கடைக்காரரே கஷ்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே கேம் ஒரு கடையில் சாதுவாகவும் அடுத்த கடையில் மூர்க்கமாகவும் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாஸின் பலத்தில் ஒரு பகுதியைத் தீர்மானித்தது கேமை உருவாக்கியவரல்ல, அதை வைத்துப் பிழைத்தவர்.

வீட்டுக்குள் வந்த கேம்களிலும் சுமை வெளியேதான் இருந்தது. மலேசியாவில் பரவலாக விற்ற மைக்ரோ ஜீனியஸ், ஜப்பானின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் இயந்திரம். அதில் போட்ட பல கேசட்டுகளில் சேவ் வசதியே கிடையாது. ‘கான்ட்ரா’வை முடிக்க வேண்டுமானால் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இதற்கு மேல் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பல தோட்டங்களில் எண்பதுகளிலும் ஜெனரேட்டர் மின்சாரம்தான். இரவில் குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். வீட்டில் ஒரே டிவி. அதில் எட்டு மணிச் செய்தி, வெள்ளிக்கிழமைத் தமிழ்ப்படம். இருக்கிற இடைவெளியில் கேம். பாஸ் வந்ததும் கண்ட்ரோலர் அண்ணன் கைக்குப் போகும், தம்பிகள் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுவார்கள்.

இந்தச் சூழலில் பாஸ் எளிதாக இருந்தாலும் பயமாக இருந்தான். அவனிடம் தோற்பதன் விலை பெரிது. 1987இல் வந்த முதல் ‘ராக்மேன்’ கேமின் மஞ்சள் பூதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் துண்டு துண்டாகப் பிரிந்து பறந்து வரும் வரிசை எப்போதும் ஒன்றுதான், மனப்பாடம் செய்துவிடலாம். மின்னல் ஆயுதம் படும் நேரத்தில் செலக்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக் கேமை நிறுத்தி நிறுத்தி விட்டால் ஒரே அடி பல அடியாக விழும் என்ற தந்திரமும் உலகம் முழுக்கப் பரவியது. பாஸின் விடை ஒரு முறை கண்டுபிடிக்கப்பட்டால் போதும். அது வாய்வழியாக லயத்துக்கு லயம் போய்விடும். விடை தெரிந்த பிறகும் பாஸ் சண்டை சுவையாக இருந்ததற்குக் காரணம், அவனிடம் போய்ச் சேரும் பாடு அப்படியே இருந்ததுதான்.

தொண்ணூறுகளில் இந்தப் படம் மாறியது. ரப்பர் போய் செம்பனை வந்தது, சில தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன, குடும்பங்கள் புந்தோங்குக்கும் சிம்மோருக்கும் சுங்கை சிப்புட்டின் தாமான்களுக்கும் பெயர்ந்தன. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுவதைத் தடுக்க, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சிலவற்றை வாங்கித் தொழிலாளர்களையே பங்குதாரர் ஆக்கியது. ஆனாலும் பெயர்வு நிற்கவில்லை. நகரத்துக்கு வந்த பிள்ளைகளுக்குத் தடையில்லா மின்சாரம் கிடைத்தது, பிளேஸ்டேஷன் கிடைத்தது, சில வெள்ளிக்குத் திருட்டு டிஸ்க்கும் கிடைத்தது. மலேசியா 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு அந்த வியாபாரம் பெருகியிருந்தது. மெமரி கார்டு வந்ததும் கேமை எந்த நாளிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றாயிற்று. பாஸைச் சுற்றிய வேலியில் முதல் கம்பி அங்கே அறுந்தது.

வேலி போனது, பாஸ் வளர்ந்தான்

ரீமேக்குகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், எங்கே வெளிச்சுமை இறக்கப்பட்டதோ அங்கேதான் பாஸின் சுமை ஏறியிருக்கிறது என்று தெரியும்.

‘ரெசிடென்ட் ஈவில் 2’ நல்ல சான்று. 1998இன் மூலக் கேமில் சேவ் செய்ய டைப்ரைட்டரும் மை ரிப்பனும் வேண்டும். ரிப்பன் எண்ணிக்கையில் வரும். அங்கே மிஸ்டர் எக்ஸ் எனப்படும் ராட்சதன் இரண்டாவது ஆட்டத்தில், முன்பே குறிக்கப்பட்ட இடங்களில் மட்டும் வருவான். 2019 ஜனவரியில் வந்த ரீமேக், சாதாரண நிலையில் ரிப்பன் கணக்கை எடுத்துவிட்டது, தானாகச் சேவ் ஆகும் வசதியைக் கொடுத்தது. அதற்குப் பதிலாக மிஸ்டர் எக்ஸைக் காவல் நிலையம் முழுக்க உலவ விட்டது. சுட்டால் சற்று மண்டியிடுவான், சாகமாட்டான். அடுத்த அறையில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ரிப்பன் தீர்ந்துவிடுமோ என்ற பழைய பயம் வேறு உருவம் எடுத்து நடந்து வருகிறது. ரிப்பனையே திரும்பக் கேட்கிறவர்களுக்கு ‘ஹார்ட்கோர்’ நிலை தனியாக உண்டு; அங்கே இரண்டு கஷ்டமும் சேர்ந்து வரும்.

ஃபைனல் ஃபேன்டஸிக்குத் திரும்புவோம். மூலக் கேமின் முதல் பாஸான தேள் இயந்திரத்துக்கு 800 புள்ளி உயிர். அது வாலைத் தூக்கியிருக்கும்போது அடிக்காமல் இருந்தால் போதும், விழுந்துவிடும். ரீமேக்கில் அதே தேள் பல கட்டங்களாகச் சண்டையிடுகிறது, தடுப்புக் கவசம் போடுகிறது, சுவரில் ஏறுகிறது. வால் லேசரைச் சுடும்போது, விழுந்து கிடக்கும் இடிபாட்டின் பின்னால் ஒளிய வேண்டும். தோற்றால் அந்தச் சண்டைக்கு முந்திய கணத்திலிருந்தே மறுபடி தொடங்கலாம். வழியெல்லாம் திடீர் திடீரென்று குறுக்கிட்ட சில்லறைச் சண்டைகளும் பழைய பாணியில் இல்லை. பாதையில் தேய்ந்த உயிரும் மந்திரமும் முன்பு பாஸுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்தன. இப்போது ஆடுகிறவர் முழு பலத்தோடு வருகிறார். பாஸ் தன் வேலை முழுவதையும் தானே செய்ய வேண்டியிருக்கிறது.

போக்கிமானில் இதே கணக்கை எண்ணாகவே பார்க்கலாம். 2006இன் ‘டயமண்ட்’, ‘பேர்ல்’ கேம்கள் 2021இல் ரீமேக் ஆயின. புதியவற்றில் சண்டையின் அனுபவப் புள்ளி குழு முழுவதற்கும் தானாகப் பகிரப்படுகிறது. அதை நிறுத்தவும் முடியாது. ஆகவே பாதை நெடுக எல்லாரும் எளிதாக வளர்ந்துவிடுகிறார்கள். இறுதிச் சாம்பியன் சிந்தியாவிடம் வந்தால் கதை வேறு. அவளது கார்சோம்ப் என்ற போக்கிமானின் லெவல் அன்றும் 66, இன்றும் 66. ஆனால் புதிய சிந்தியாவின் அணி, போட்டி ஆட்டக்காரர்கள் வளர்ப்பது போல உள்பலம் திருத்தப்பட்டு, கையில் தக்க பொருள் பிடித்து நிற்கிறது. வெளியே எழுதிய எண் மாறவில்லை, உள்ளே ஆளே மாறிவிட்டாள். ஒப்பிட, 1999இன் ‘கோல்ட்’, ‘சில்வர்’ கேம்களில் மலையுச்சியில் நின்ற ரெட் என்ற எதிராளியின் பிக்காச்சு 81ஆவது லெவல். 2009 ரீமேக்கில் 88. அது எண்ணைக் கூட்டும் பழைய வழி. சிந்தியா காட்டுவது புது வழி.

‘பெர்சோனா 5’ முழு ரீமேக் ஆகவில்லை. 2019இல் ‘ராயல்’ என்ற விரிவாக்கப் பதிப்புதான் வந்தது. ஆனாலும் கணக்கு பொருந்துகிறது. ராயலில் துப்பாக்கிக் குண்டு ஒவ்வொரு சண்டைக்கும் புதிதாக நிரம்புகிறது. முன்பு ஒரு முறை உள்ளே போனால் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்தச் சிக்கனம் போன இடத்தில் ஒக்குமுரா என்ற முதலாளியின் சண்டை கனத்தது. அணி அணியாக வரும் ரோபோக்களைச் சில சுற்றுகளுக்குள் மொத்தமாக வீழ்த்தாவிட்டால் அந்த அணி புது பலத்தோடு திரும்பும். எல்லாவற்றுக்கும் மேல் 30 நிமிடக் கெடு.

தெரிந்த விடையை என்ன செய்வது?

இடம் மாறிய கஷ்டம் பாஸுக்குள் எப்படி நுழைகிறது? பெரும்பாலும் பழைய விடையை முறிப்பதன் வழியாக. ரீமேக்கை ஆடுகிறவர்களில் ஒரு பகுதியினர் விடைத்தாளோடு வருகிறவர்கள். அவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரே பாஸ்தான். இந்தச் சிக்கலைக் கையாள்வதில்தான் வடிவமைப்பாளரின் தரம் தெரிகிறது.

1996இன் ‘டூம் ரெய்டர்’ கேமில் டைனோசர் வரும் பள்ளத்தாக்கு பலருக்கு நினைவிருக்கும். அங்கே அருகில் உள்ள குகைக்குள் நின்றுகொண்டால் அதன் வாய் எட்டாது. பத்திரமாகச் சுட்டுத் தள்ளலாம். 2007இல் வந்த ‘ஆனிவர்சரி’ ரீமேக் அதைத் திறந்த வெளிச் சண்டையாக்கியது. அது பாய்ந்து வரும் கடைசி நொடியில் விலகி, முட்டவைத்துக் காயப்படுத்த வேண்டும். பதுங்கும் இடத்தை எடுத்தார்கள், பதிலுக்கு விலகும் திறமையைக் கொடுத்தார்கள். இது நேர்மையான மாற்று.

2005இன் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ கேமில் கிரவுசர் என்ற முன்னாள் படைவீரன் உண்டு. அவனோடு நடக்கும் முதல் கத்திச் சண்டை, திரையில் தோன்றும் பட்டனை உடனே அழுத்த வேண்டிய காட்சி மட்டுமே. பிறகு வரும் உண்மைச் சண்டையிலோ, பெரிய துப்பாக்கிகளைவிடச் சாதாரணக் கத்தி அவனை வேகமாக வீழ்த்தும் என்பது ஊரறிந்த ரகசியம். 2023 மார்ச்சில் வந்த ரீமேக், அந்த முதல் மோதலைக் கத்தியோடு கத்தி மோதும் முழு பாஸ் சண்டையாக்கியது. கத்தியால் வெட்டைத் தடுக்கலாம், தடுத்துத் திருப்பி அடிக்கலாம், ஆனால் இந்தக் கேமில் கத்தி தேயும். பழைய ரகசியத்தை மறுக்காமல் அதையே பாடமாக்கியது இந்த ரீமேக்கின் சாமர்த்தியம். கத்திதான் விடை என்று தெரிந்து வந்தவருக்கு, அந்தக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்பது புதுக் கேள்வியாக நிற்கிறது.

எதிரிக்கே புது விதி கொடுத்தவர்களும் உண்டு. 1996இன் முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமை, அதை இயக்கிய ஷின்ஜி மிகாமியே 2002இல் மறுபடி செய்தார். பழையதில் விழுந்த பிணம் விழுந்ததுதான். புதியதில் தலை சிதறாமல், எரிக்கப்படாமல் கிடக்கும் பிணம் பின்னால் சிவந்த தலையோடு, முன்னைவிட வேகமாக எழுந்து ஓடிவரும். மண்ணெண்ணெயோ அளவாகத்தான் கிடைக்கும். கதவைத் திறந்தால் என்ன இருக்கும் என்று மனப்பாடமாகச் சொன்னவர்களுக்கு அந்த மாளிகை மறுபடி அந்நியமானது.

கணக்கைச் சோதிக்க இரண்டு கேம்கள்

வெளிச்சுமை இறங்கினால் பாஸ் கனக்கிறான் என்றால், வெளிச்சுமை இறங்காத ரீமேக்கில் பாஸ் அப்படியே இருக்க வேண்டும். அப்படி இரண்டு சான்றுகள் இருக்கின்றன. இரண்டையும் மறுபடி செய்தது அமெரிக்காவின் புளூபாயின்ட் நிறுவனம்.

2009இன் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ 2020இல் ரீமேக் ஆனது. படமும் ஒலியும் முழுக்கப் புதுசு. பாஸ்களோ நடைமுறையில் பழைய பாஸ்கள்தான். ஏனென்றால் அவர்களைச் சுற்றிய வேலியை யாரும் தொடவில்லை. தோற்றால் அந்தப் பகுதியின் தொடக்கத்துக்கே திரும்பி, அதே எதிரிகளைத் தாண்டி அதே நீளத்தை மறுபடி ஓட வேண்டும். நடுவில் புதிய செக்பாயிண்ட் வைக்கவில்லை. உயிர் கூட்டும் மூலிகைகளுக்குப் புதிதாக எடை வைத்து, மூட்டையாகச் சுமந்து போவதைக் கட்டுப்படுத்தினார்கள். பாதையின் கஷ்டம் காக்கப்பட்டது. பாஸைத் திருத்தத் தேவை ஏற்படவில்லை.

2005இல் வந்து 2018இல் ரீமேக் ஆன ‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’ இதற்கு மறுபக்கம். அதில் சில்லறை எதிரியே கிடையாது. குதிரை, வெறும் சமவெளி, பதினாறு ராட்சதர்கள். அவ்வளவுதான் கேம். சுற்றுப்புறத்தில் இறக்கி வைக்கச் சுமையே இல்லாததால் ராட்சதர்களின் மேல் ஏற்றவும் எதுவும் இல்லை. அவர்களது உடலமைப்பும் அவர்களை வீழ்த்தும் முறையும் அப்படியே விடப்பட்டன.

பொருந்தாத சான்றுகள்

எந்தக் கணக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பொருந்தாதவையும் ஏதோ சொல்கின்றன.

‘மெட்டல் கியர் சாலிட்’ 1998இல் வந்தது. 2004இல் ‘த ட்வின் ஸ்நேக்ஸ்’ என்ற பெயரில் ரீமேக் ஆனது. இரண்டாம் பாகத்தில் வந்த, நாயகனின் கண்ணோட்டத்தில் குறிபார்த்துச் சுடும் வசதியை முதற்கதைக்குள் கொண்டுவந்தார்கள். பாஸ் அரங்குகளை அதற்கேற்பத் திருத்தவில்லை. அறைக்குள் துரத்திச் சுட வேண்டியிருந்த ஆசிலாட் என்ற பாஸ், நின்ற இடத்திலிருந்தே குறிவைக்கக் கூடியவன் ஆனான். ஆடுகிறவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு எதிரே ஒன்றும் வைக்காவிட்டால் சண்டை சப்பையாகும் என்பதற்கு இது சாட்சி. ஆக, இந்த விதிவிலக்கு கணக்கை மறுபக்கத்திலிருந்து உறுதி செய்கிறது.

1999இல் ‘ரெசிடென்ட் ஈவில் 3’ கேமின் நெமிசிஸ் அறை விட்டு அறை துரத்தியவன். 2020 ரீமேக்கில் அந்தத் துரத்தல் தொடக்கப் பகுதியோடு சுருங்கி, பிறகு வருவதெல்லாம் திட்டமிட்ட காட்சிகளும் மேடை போட்ட சண்டைகளும் ஆகின. சண்டைகள் தனித்தனியாக எளிதல்ல. ஆனாலும் பயம் குறைந்தது. பாஸுக்குள் கஷ்டத்தை வைத்தால் மட்டும் போதாது, அவன் எப்போது வருவான் என்ற நிச்சயமின்மையும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

உண்மையான எதிர்ச்சான்று ‘ஃபைனல் ஃபேன்டஸி 4’. 1991இன் இந்தக் கேம் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு 2007இல் முப்பரிமாண ரீமேக்காக வந்தபோது பாதையும் கடுமையானது, பாஸ்களும் கடுமையானார்கள். எதையும் இறக்கவில்லை, எல்லாவற்றையும் ஏற்றினார்கள். அதற்கு முன்பே 1997இல் பிளேஸ்டேஷன், 2002இல் வொண்டர்ஸ்வான் கலர், 2005இல் கேம்பாய் அட்வான்ஸ் என்று இந்தக் கேம் பலமுறை மறுபதிப்பு கண்டிருந்தது. ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர்கள் ஏராளம் என்ற நிலையில், முதலில் சொன்ன ‘ஆடுகிறவர்கள் வளர்ந்துவிட்டார்கள்’ என்ற பதில் இங்கே முழுதாகப் பொருந்துகிறது.

‘கிராஷ் பாண்டிகூட்’ முத்தொகுப்பின் 2017 ரீமேக்கில் கஷ்டம் தவறுதலாக நுழைந்தது. புதிய கேமில் கிராஷின் உடலைத் தளத்தோடு பொருத்திய விதம் மாறியதால் விளிம்பில் இறங்கினால் சறுக்கியது. பழையதில் தப்பிய தாவல்கள் தவறின. உருவாக்கியவர்களே பிறகு இதை விளக்கினார்கள். ஆடுகிறவர் தன் கை மறந்துவிட்டது என்று நினைத்தார், மாறியிருந்தது தரை.

பலம் கூட்டுவதே கதையைக் கெடுத்ததும் உண்டு. 1991இன் ‘மெட்ராய்ட் 2’ கேம், மெட்ராய்ட் இனத்தின் ராணியைக் கொன்ற பிறகு, பிறந்த குஞ்சு பின்தொடர, எதிரியே இல்லாத அமைதியான ஏற்றத்தோடு முடியும். 2017இன் ‘சாமஸ் ரிட்டர்ன்ஸ்’ ரீமேக் அந்த ஏற்றத்தின் முடிவில் ரிட்லி என்ற புது பாஸைக் கொண்டுவந்து நிறுத்தியது. சண்டையாகப் பார்த்தால் அது சிறந்த சண்டை. ஆனால் பழைய கேம் வேண்டுமென்றே காலியாக விட்ட இடம் அது.

மலேசியக் கைகள்

இந்த விவாதத்தில் மலேசியா வெறும் பார்வையாளர் இல்லை. பெயர்பெற்ற பல மறுபதிப்புகளின் படவேலை மலேசியாவில் நடந்திருக்கிறது. லெமன் ஸ்கை ஸ்டூடியோஸ், 2017இன் ‘ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்ட்’, 2020இன் ‘வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட்’, அதே ஆண்டின் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ மறுபதிப்பு ஆகியவற்றின் கலைப்பணியில் பங்கேற்றது. ஸ்டார்கிராஃப்டில் ஒரு விசையைத் தட்டினால் புதிய படம் மறைந்து 1998இன் படம் வரும். அடியில் ஓடும் கேம் ஒன்றேதான். ஒரே நேரத்தில் பன்னிரண்டு படைகளை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம் என்ற பழைய வரம்பைக்கூட விட்டுவைத்தார்கள். போட்டிக் கேமில் எதிரி இன்னொரு மனிதன். அவனைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை, விதியைத் தொட்டால்தான் சண்டை வரும்.

மறுமுனையில் மெட்ரோனோமிக் நிறுவனத்தின் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’. 2020 ஆகஸ்டில் வந்த இது ரீமேக் அல்ல, சொந்தக் கற்பனை. நிறுவனர்களில் ஒருவரான வான் ஹஸ்மர், ‘ஃபைனல் ஃபேன்டஸி 15’ கேமின் தலைமை வடிவமைப்பாளர்களுள் ஒருவராக ஜப்பானில் பணியாற்றித் திரும்பியவர். கேம் கிட்டத்தட்ட முழுக்க பாஸ் சண்டைகளால் ஆனது. ஒவ்வொரு பாஸும் ஓர் இசைக்கலைஞர். அடிகள் தாளத்தில் விழும். காது கொடுத்தால் அடுத்த அடி எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். கஷ்டம் முழுவதும் பாஸுக்குள் இருக்க வேண்டுமென்றால் அவனை எப்படிக் கட்டுவது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே கிடைத்த பாடம் இது. உயிரைக் கூட்டாமல், கவனிக்க வேண்டியதைக் கூட்டுவது.

யாருக்கு இந்தக் கஷ்டம்?

மைக்ரோ ஜீனியஸில் தொடங்கியவர்களுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஈப்போவின் யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸில் அன்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர், இன்று புதிய கேமை 200 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்க முடிகிறவர். ஷிப்ட் வேலை, பிள்ளையின் டியூஷன், சிங்கப்பூருக்கு வாராந்தரப் பயணம் என்று போகும் வாழ்க்கையில் அவர் ஆடக் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம். ரீமேக் விற்பனை குறிவைப்பது பெரும்பாலும் இவர் நினைவைத்தான். ஆகவே பாஸின் கனம் இவரை எப்படிச் சந்திக்கிறது என்பது பக்கக் கேள்வி இல்லை.

நிறுவனங்கள் இதற்குச் சில வழிகள் வைத்திருக்கின்றன. ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ரீமேக்கில் ‘கிளாசிக்’ என்ற நிலை, சாதாரண அடிகளைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆடுகிறவர் கட்டளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அதே கேமின் ‘ஹார்ட்’ நிலை முடித்த பிறகே திறக்கும்; அங்கே பொருள் எதையும் பயன்படுத்த முடியாது, இளைப்பாறினாலும் மந்திரசக்தி திரும்பாது. கவனியுங்கள்: தேய்மானம் என்ற பழைய சுற்றுப்புறக் கஷ்டத்தையே அது திருப்பிக் கொண்டுவருகிறது. 1996இல் வந்து 2023இல் ரீமேக் ஆன ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’ இன்னொரு வழி காட்டியது. கதை முடியும்வரை கேம் முன்னைவிட எளிது. முடிந்த பிறகு பழைய பாஸ்கள் சிலர் கடுமையான உருவில் மறுபடி அழைக்கிறார்கள். வேண்டியவர் போகலாம்.

இவற்றை வைத்து, கடுமையாக்கப்பட்ட ஒரு பாஸை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். பாஸின் மேல் ஏற்றியதற்கு ஈடாகப் பாதையிலிருந்து எதையாவது இறக்கினார்களா? புதிய பலம் புதிய திறமையைக் கேட்கிறதா, இல்லை அதே அடியை இன்னும் நூறு முறை அடிக்கச் சொல்கிறதா? தாண்ட முடியாதவருக்கு மதிப்போடு போக வேறு வழி உண்டா? கிரவுசரும் மிஸ்டர் எக்ஸும் இவற்றில் தேறுகிறார்கள். பாதையை இளக்கிவிட்டுக் கடைசியில் மட்டும் முன்னறிவிப்பில்லாமல் இறுக்கிய சிந்தியா முதல் இரண்டில் தேறி, மூன்றாவதில் தடுமாறுகிறாள். அவளிடம் தோற்றவர் திரும்பிப் போய் எண்களை வளர்ப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. உயிர்ப்பட்டையை மட்டும் நீட்டிய பாஸ்கள் மூன்றிலும் தோற்கிறார்கள்.

லயத்துப் பிள்ளைகளிடம் டோக்கனும் மின்சாரமும் குறைவு. நேரம் நிறைய இருந்தது. அதே ஆள் இன்று பணம் கொடுத்து வாங்குகிறார், மின்சாரம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. ரீமேக் செய்கிறவர் பாஸை எவ்வளவு வேண்டுமானாலும் கூர்மையாக்கட்டும். தோற்றவர் உடனே மறுபடி முயலவும், ஏன் தோற்றோம் என்று அந்த ஒரு சண்டைக்குள்ளேயே தெரிந்துகொள்ளவும் முடிந்தால் அந்தக் கடுமை நியாயமானது. நீளத்தைக் கூட்டி அதைக் கஷ்டம் என்று விற்பவர், அன்று டோக்கன் பிடுங்க இயந்திரத்தின் உள் சுவிட்சைத் தட்டிய கடைக்காரரின் வேலையைத்தான் செய்கிறார்.